ஹார்ன் அடிக்காத வண்டி

டரிங்கா வட்டாரத்துக் கிளப்புகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த அணியில் ஜெர்சி எல்லோருக்கும் ஒன்றுதான், மஞ்சளில் பச்சைப் பட்டை. சாக்ஸ் மட்டும் அவனவன் சொந்த கிளப்புடையது. வாரா வாரம் ஒருவர் விலாவை ஒருவர் முழங்கையால் பதம் பார்க்கிறவர்கள், வருஷத்தில் ஒரு சனிக்கிழமை தோள்மேல் கைபோட்டு நின்று பக்கத்து வட்டாரமான ஆற்றங்கரை லீக்கோடு ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் மோத வேண்டும். பந்தைக் கையால் பிடித்து, காலால் உதைத்து, ஆளைக் கட்டிச் சாய்க்கிற ஆட்டம். கழுத்திலிருந்து முட்டிவரை அண்ணன் தம்பி. முட்டிக்குக் கீழே பங்காளி.

ரீஸுக்கு அந்த முட்டிக்குக் கீழேதான் பிரச்சினை. வாரிங்கல் கிளப்பின் கேப்டன் அவன். கோல் கம்பங்களுக்கு முன்னால் நின்று காக்கிறவன், சிவப்பும் கறுப்பும் வரிபோட்ட சாக்ஸ். உடை மாற்றும் அறையில் அவனுக்கு அடுத்த ஆணியில் பையை மாட்டியிருந்த நெட்டையன் ஹாமிஷ், நீலமும் வெள்ளையும் வரிபோட்ட குன்னார்ட் சாக்ஸ். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே சாக்ஸ்தான். பல் விழுந்து முளைக்கிற வயசிலிருந்து வாரிங்கலுக்குச் சேர்ந்து ஆடியவர்கள். ரீஸின் தங்கை பெத்தை ஹாமிஷ் கட்டிக்கொண்டபோது அந்தக் கல்யாணத்தில் ரீஸைவிட அதிகமாக ஆடியவன் யாருமில்லை.

கல்யாணமான கையோடு ஹாமிஷின் அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது. கோதுமை நிலத்தைப் பார்க்க ஆளில்லை. நிலம் இருப்பதோ குன்னார்ட் பக்கம். அங்கிருந்து வாரிங்கலுக்குப் பயிற்சிக்கு வந்துபோவதென்றால், எப்போது கங்காரு குறுக்கே பாயுமோ என்று பயந்துகொண்டே ஓட்ட வேண்டிய ரோடு. அதனால் அவன் குன்னார்ட் கிளப்புக்கு மாறினான். மாறின வருஷமே இறுதி ஆட்டத்தில் குன்னார்ட் ஒரே ஒரு உதையில் வாரிங்கலை வீழ்த்தியது. அந்த உதையும் ஹாமிஷ் உதைத்ததுதான்.

தோற்றுப்போன ஆத்திரத்தில் ரீஸ் தங்கைக்கு போன் போட்டு, "இனிமே நீயும் அந்தப் பக்கமே உக்காந்துக்க, எங்க பக்கம் வராத" என்று சொல்லிவிட்டான். சொல்லி முடிக்கும்போதே தப்பு என்று அவனுக்குத் தெரியும். ஆனால் பெத் "சரி" என்று ஒரே சொல்லில் வைத்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது.

நடுவில் குழந்தை பிறந்தது. பெண், பெயர் எல்சி. அம்மா போனில் படத்தைக் காட்டியபோது ரீஸ் ஓரக்கண்ணால் பார்த்து, நன்றாயிருக்கிறது என்று முனகினான். அம்மா குளிக்கப் போனதும் அதே போனை எடுத்து வைத்துக்கொண்டு, தண்ணீர் நிற்கிற சத்தம் கேட்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பிஞ்சைத் தூக்க வேண்டும்போல் அவனுக்குக் கை பரபரத்தது. ஆனால் வராதே என்று சொன்னவன் எந்த முகத்தோடு போய் நிற்பான்?

இன்று காலையில் மைதானத்துக்குள் நுழையும்போதே பெத்தின் வண்டியைப் பார்த்துவிட்டான். பார்க்காமல் இருக்க முடியாது. அவனுடைய பழைய பிக்கப் அது, கல்யாணத்துக்கு அவன் கொடுத்தது. அதன் ஹார்ன் சளி பிடித்த கன்றுக்குட்டி மாதிரி கத்தும், எத்தனை வண்டி சேர்ந்து அடித்தாலும் தனியாகக் கேட்கும். மற்றவர்களெல்லாம் கைதட்டலுக்குப் பதில் ஹார்ன் அடிக்க வேலியைச் சுற்றி வண்டி மூக்கை உள்ளே நீட்டி வரிசையாக நிறுத்தியிருக்க, அது மட்டும் ஒரு பக்கத்துக் கோல் கம்பங்களுக்குப் பின்னால், பைன் மரங்களுக்குக் கீழே ஒதுங்கி நின்றது.

ரீஸ் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். தான் பந்தைப் பிடிக்கும்போது அந்தக் கன்றுக்குட்டி ஒரே ஒரு தடவை கத்தினால் போதும், ஆட்டம் முடிந்ததும் மானம் ரோஷம் பார்க்காமல் போய்விடுவது. கத்தாவிட்டால் அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்று அர்த்தம். வளர்ந்த ஆம்பிளை போட்டுக்கொள்கிற கணக்கா இது? இருந்தாலும் போட்டுக்கொண்டான்.

முதல் கால் பாகத்தில் அவன் காத்தது அந்தப் பைன் மரப் பக்கம்தான், வண்டி அவன் முதுகுக்குப் பின்னால். ஆற்றங்கரைக்காரர்கள் அனுப்பிய உயரப் பந்தை மூன்று பேர் தலைக்கு மேலே எழும்பிப் பிடித்தான். வேலியைச் சுற்றி அத்தனை ஹார்னும் அலறியது. அவன் காது அந்த ஒன்றைத் தேடியது. கேட்கவில்லை. மூன்றாம் கால் பாகத்திலும் அதே பக்கம். அப்போதும் இரண்டு தடவை பிடித்தான், கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவளிடம் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று கழுத்தைக் கல்லாக வைத்துக்கொண்டான். பாவி மனசு என்னவோ அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டது.

கடைசி இடைவேளையில் பயிற்சியாளர் நெவில் எல்லோரையும் வட்டமாக நிறுத்தினார். பன்றிப் பண்ணை வைத்திருக்கிறவர், அதிகம் பேசமாட்டார். ஐந்து புள்ளி முன்னால் இருக்கிறோம், கெடுத்துவிடாதீர்கள் என்றார். போகிற போக்கில், "கீழ சாக்ஸப் பாக்காதீங்கடா, மேல ஜெர்சியப் பாருங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

தூறல் பிடித்துக்கொண்டது. ரீஸ் இப்போது எதிர்ப்பக்கத்துக் கம்பங்களைக் காத்து நின்றான். சேற்றில் எல்லா ஜெர்சியும் ஒரே நிறமாகிக்கொண்டு வந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரம், கோலுக்கு முன்னால் ஒரே கால் குவியல், பந்து நடுவில் எங்கேயோ. ரீஸ் தலையைக் குனிந்து பாய்ந்தான். குவியலுக்குள்ளிருந்து பந்தோடு ஒரு கால் வெளியே வந்தது. நீலமும் வெள்ளையும் வரி.

இரண்டு வருஷப் பழக்கம். யோசிக்க என்ன இருக்கிறது? இடுப்போடு சேர்த்துக் கட்டி, தூக்கி, சேற்றில் சாய்த்தான். இத்தனை சுத்தமாக அவன் இந்த வருஷம் யாரையும் சாய்த்ததில்லை. பந்து தெறித்தது. ஆற்றங்கரைப் பொடியன் ஒருவன் அதை அள்ளி, இரண்டு உயரக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டான். கோல், ஆறு புள்ளி. மைதானம் ஒரு கணம் வாயைப் பிளந்தது, அப்புறம் இரண்டு லீக்கும் சேர்ந்து சிரித்தது. அம்பயர்கூட விசிலைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடியில் கிடந்த ஹாமிஷ் வாயிலிருந்த சேற்றைத் துப்பினான்.

"எறங்குடா மேலேருந்து. இன்னிக்கு நான் உங்க ஆளுடா."

ரீஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து, வாயில் வராமல் அடக்கி வைத்திருந்ததும் வந்துவிட்டது.

"அவ ஒரு தடவகூட ஹார்ன் அடிக்கலயே மச்சான்."

ஹாமிஷ் அவனைப் புரட்டித் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "எப்பிடிடா அடிப்பா? பாப்பா தூங்குது. மத்த வண்டிங்க தள்ளி நின்னு அடிச்சா ஒண்ணும் பண்ணாது. அந்த வண்டி ஹார்னுக்கு எந்திரிச்சா சாயங்காலம் வரைக்கும் வீல்வீல்னு கத்தும். நீ பந்தப் புடிக்கிறப்பல்லாம் லைட்டப் போட்டுப் போட்டு அணைக்கிறா. எனக்குக்கூட இத்தன தடவ போடல. நீ திரும்பிப் பாத்தாத்தானே?"

ஹாமிஷ் அதோடு விடவில்லை.

"போன மாசம் எங்க ஊர் மேட்ச்லயும் அவதான். எவனோ லைட்டடிச்சுக் கண்ணக் கூச வைக்கிறான், நிறுத்தச் சொல்லுங்கன்னு அம்பயர்கிட்ட புகார் சொன்னியே, ஞாபகம் இருக்கா? அத நான் இன்னிவரைக்கும் அவகிட்ட சொல்லல."

அதற்குப் பிறகுதான் ரீஸ் பார்த்தான். மைதானத்தின் அந்தக் கோடியில், பைன் மர இருட்டுக்குள், இரண்டு விளக்கும் எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தன. புருஷனைச் சேற்றில் கவிழ்த்ததற்குத்தான் இந்தப் பாராட்டு. தூறலில் முகம் நனைந்திருந்தது நல்லதாகப் போயிற்று, அவன் அழுததை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மிச்சமிருந்த நேரத்தில் டரிங்காவால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். நெவில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு அவனிடம் வந்தார். "என் பண்ணையில பன்னிக்குக்கூட எது தன் கூட்டம்னு தெரியும்டா" என்று சொல்லி, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். ரீஸ் பேரன் எடுத்த பிறகும் இந்த ஊர் இதைச் சொல்லிக் காட்டும். காட்டட்டும் என்று நினைத்துக்கொண்டே அவன் பைன் மரங்களைப் பார்த்து நடந்தான்.

பெத் கண்ணாடியை இறக்கினாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். ரீஸ் வழியெல்லாம் சேர்த்துக் கொண்டுவந்த வார்த்தைகளில் முதல் வார்த்தையை எடுத்தான்.

"அன்னிக்கு நான்..."

"மெதுவா பேசு, எந்திரிச்சுருவா."

"எங்க பக்கம் வராதன்னு..."

"அதான் வரல. அவங்க பக்கத்திலயும் உக்காரல" என்றாள் பெத். "ரெண்டு வருஷமா எந்த ஊர் மேட்சுக்குப் போனாலும் இப்பிடி நடுவுலதான் நிறுத்துறேன், கோலுக்குப் பின்னாடி. உன் முதுகையே பாத்துட்டு இருக்கேன்டா அண்ணா."

அவள் ஒரு துண்டை எடுத்து அவன் கையில் திணித்து, சேற்றைத் துடைக்கச் சொன்னாள். துடைத்ததும் கீழே இறங்கி அவனை ஓட்டுகிற இருக்கையில் உட்கார வைத்து, போர்வையோடு குழந்தையை எடுத்து மடியில் வைத்தாள். ஹாமிஷுக்கு டீயும் கறி அடைத்த பேஸ்ட்ரியும் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு, ரீஸின் பயந்த முகத்தைப் பார்க்காத மாதிரி போய்விட்டாள்.

எல்சி போன் படத்தில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தாள். வாய் கொஞ்சம் திறந்து, பால் வாசனையோடு தூங்கினாள். ரீஸ் மூச்சைக்கூட அளந்து விட்டான்.

மைதானத்தில் அடுத்து பெண்கள் அணியின் ஆட்டம் தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் டரிங்காவின் நெட்டைப் பெண் ஒருத்தி ஓரத்திலிருந்து வளைத்து உதைத்து முதல் கோலைப் போட்டாள். வேலியைச் சுற்றி அத்தனை ஹார்னும் முழங்கியது. ரீஸின் கை பழக்கத்தில் தானாக ஸ்டியரிங்கின் நடுவுக்குப் போயிற்று. போன கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்து, விளக்கு விசையைத் தேடி, போட்டு அணைத்தது.

கையில் டீயோடு தூறலில் திரும்பி வந்துகொண்டிருந்த பெத் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ரீஸ் இன்னொரு தடவை போட்டு அணைத்தான்.