வல்லத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம்

பென்னலூரில் கடைசி ஆள் ஏறியதும் சின்னப்பராஜ் பஸ்ஸின் கதவை மூடினார். மணி ஐந்து ஐம்பது. உள்ளே முப்பத்தெட்டுப் பேர், எல்லாரும் ஒரகடத்தில் முதல் ஷிப்ட். பதினோரு வருஷமாக இந்தக் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறார். ஒரு நாளும் கேட்டுக்குத் தாமதமாகப் போனதில்லை. காலை டீயை விட்டு ஆறு மாதம் ஆகிறது. ராத்திரியிலும் அரை வயிறுதான். உள்ளே எதுவும் போகாவிட்டால் வெளியே எதுவும் வராது என்பது அவராகக் கண்டுபிடித்த வைத்தியம்.

அன்று அந்த வைத்தியம் வல்லம் வரைகூடத் தாங்கவில்லை. அடிவயிறு முறுக்கிப் பிழிந்தது. ஸ்டியரிங்கில் கை வேர்த்து வழுக்கியது. பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஒடித்து நிறுத்தி, யார் முகத்தையும் பார்க்காமல் பின்பக்கக் கழிப்பறைக்கு ஓடினார். ரத்தமாகப் போனது. திரும்பி வந்தபோது பன்னிரண்டு நிமிஷம் கழிந்திருந்தது.

"அண்ணா, இன்னா ஆச்சு? மூஞ்சியே வெளுத்துக் கீது" என்றாள் மதிவதனி. ஒயரிங் லைனில் வேலை செய்பவள். தினமும் முதல் சீட்டு அவளுக்கு.

"வண்டில சின்ன கோளாறும்மா" என்றார். முப்பத்தெட்டுப் பேருக்கும் லேட் மார்க் விழுந்தது. அதைவிட, பதினோரு வருஷம் கூடவே ஓடிய வண்டியின் மேல் பழியைப் போட்டது நாள் முழுக்க அவரை உறுத்தியது.

பெருங்குடலில் புண் என்று எட்டு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். வீட்டில் மூலம் என்று சொல்லி வைத்தார். போன வருஷம் ரத்தம் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டார். நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு மாத்திரை என்று நினைப்பு.

ஆஸ்பத்திரியில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். கூட ஓர் ஆள் இல்லாமல் முடியாது என்றார்கள். வேறு வழியில்லாமல் மனைவி அற்புதமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"நீங்க சாப்பிடாம எழுந்து போனப்பல்லாம் ஒருசந்தி இருக்கீங்கன்னு நெனச்சேன். ஈஸ்டர் போயி மூணு மாசம் ஆச்சே, இன்னும் இன்னா வேண்டுதல்னு கேக்கவும் பயந்துக்கினு இருந்தேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

பரிசோதனை முடிந்ததும் டாக்டர் கலைமணி இருவரையும் உட்கார வைத்தார். "நம்ம குடல்ல கோடிக்கணக்குல கிருமிங்க இருக்கு. அதுங்க அங்கதான் இருக்கணும், ஆனா குடல் சுவரைத் தொடக் கூடாது. குடலே சில புரதங்களைச் சுரந்து அதுங்கள சுவர்கிட்ட வராம தள்ளி வெக்குது. உங்களுக்கு அந்தக் காவல் தளர்ந்துபோச்சு. அதான் புண்ணு. மாத்திரை அந்தப் புண்ண ஆத்தி வெச்சுது, நீங்க நிறுத்திட்டீங்க. புண்ணு வந்து ஆறி, வந்து ஆறி, வருஷக்கணக்கா போனா, ஆறுற எடத்துல தப்பான செல்லு வளரலாம்."

"கேன்சரா?" அற்புதமேரிதான் கேட்டாள்.

"இப்ப சொல்ல முடியாதும்மா. அஞ்சு எடத்துல சதை எடுத்திருக்கேன். பத்து நாள்ல தெரியும்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் காவலையே நினைத்துக்கொண்டு வந்தார். போட்ட சோற்றையெல்லாம் செரித்துக்கொண்டே, தனக்குத் தெரியாமல் இத்தனை காலம் உள்ளே ஒன்று தன்னைக் காத்து நின்றிருக்கிறது. வலிக்காத ஒன்றை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? நெஞ்சு, முதுகு, முட்டி என்று வலித்ததற்கெல்லாம் தைலம் தடவியிருக்கிறார். அன்று ராத்திரி முழு வயிறு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பென்னலூரில் வண்டியை எடுக்காமல் எழுந்து திரும்பி நின்றார். "அன்னிக்கு வண்டி ரிப்பேர் இல்ல. எனக்குத்தான் குடல்ல புண்ணு. மருந்து புடிக்கிற வரைக்கும் நடுவுல ஒரு தடவை நிறுத்த வேண்டி வரும். முடியாதுன்னா வேற டிரைவர் கேக்கலாம், எனக்கு வருத்தமில்ல."

பின்சீட்டில் யாரோ தொண்டையைச் செருமினார். மதிவதனி காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். "நாங்க லைன்ல பாத்ரூம் போவணும்னா எங்க எடத்துல நிக்க சூப்பர்வைசர் ரிலீவர் அனுப்புற வரைக்கும் பல்ல கடிச்சிக்கினு நிப்போம்ணா. எங்களுக்குத் தெரியாதா? பத்து நிமிஷம் முன்னாடியே வண்டிய எடுங்க, வந்துடுறோம்."

மறுநாள் ஐந்து நாற்பதுக்கே முப்பத்தாறு பேர் நின்றிருந்தார்கள். மற்ற இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

பத்தாம் நாள் டாக்டர் போன் செய்தார். நாலு இடத்தில் வெறும் புண். ஐந்தாவதைத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. மாத்திரையைத் தவறாமல் போட்டு, மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அற்புதமேரி நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுழித்துவிட்டு, அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அடுத்த நாள் விடிகாலையில் நல்ல மழை. பங்க்கின் பின்பக்கத்திலிருந்து வந்த சின்னப்பராஜ் கூரை ஓரத்தில் ஒரு நிமிஷம் நின்றார். பஸ்ஸின் எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. உள்ளே இருந்தவர்களின் மூச்சில் முன்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து ஒரு கை துணியால் துடைக்கத் தொடங்கியது. முதலில் ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக.