பானெட்டுக்கு ஒரு வெள்ளை

ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தன. ஒரு பாதியில் டிரைவர் உட்கார்ந்திருப்பார், மறு பாதியில் அவர் மனைவியின் தம்பி. இருவருக்கும் நடுவே ஒரு சாண் நீளத்தில் ஒரு கார் நிற்கும். தட்டு வைக்க இடம் இல்லாமல் அக்கா அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். சாப்பிட்டபடி இரண்டு பேரையும் திட்டுவாள். இரண்டு பேர் காதிலும் அது விழாது.

பழைய காலத்துக் கார் ஒன்றைப் பிடித்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, அதன் வயிற்றுக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய எஞ்சினை உள்ளே திணித்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி வர்ணம் பூசினால் அதற்கு ஹாட் ராட் என்று பெயர். நிஜக் காரில் இதைச் செய்ய ஒரு கொட்டகை வேண்டும், அப்பன் சொத்தும் வேண்டும். இந்த மாமன் மச்சான் ஜோடி அதைப் பிளாஸ்டிக்கில், இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்தது.

வேலையில் பாகப்பிரிவினை உண்டு. உடம்பும் வர்ணமும் டிரைவருடையவை. எஞ்சினும் அதற்குக் கீழே இருப்பதெல்லாமும் மைத்துனனுடையவை. மாடல் கார் சங்கத்தில் இவர்களை மேல்மாடி, கீழ்மாடி என்று கூப்பிடுவார்கள். மைத்துனனுக்குப் பிழைப்பு பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், அவன் தன் பட்டறையில் பல்லை உருவாக்கி அனுப்புவான். அந்தக் கையால் எறும்புத் தலை அளவுக்கு ஓட்டை போட்டு, நூலை விட மெல்லிய கம்பியை எஞ்சினில் கோத்துவிடுவான். டிரைவர் பகல் முழுக்க பஸ் ஓட்டுகிறவர். கூரையை வெட்டித் தாழ்த்தினால் சரிவான தூண்களும் கூரையும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது. அந்த இடைவெளியை அடைத்துத் தேய்த்து, ஒட்டு எங்கே என்று விரலுக்கே தெரியாமல் ஆக்கிவிடுவார். அந்த விஷயத்தில் மைத்துனனுக்கு அவர்மேல் பொறாமை கலந்த மரியாதை.

அந்த வருடத்துக் கார் ஒரு ரெண்டு சீட்டு கூப்பே. நிறம், தந்தம் போன்ற வெள்ளை. கண்காட்சிக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது மைத்துனனுக்கு ஆசை விட்டபாடில்லை. எஞ்சின் மேல் ஒரு கார்பரேட்டர் போதாது, மூன்று வேண்டும், அவை எஞ்சினை மூடும் பானெட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும் என்றான். பானெட்டில் ஓட்டை போடும் வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான். பானெட் குறுக்கே விரிசல் விட்டு இரண்டாகப் போய்விட்டது.

டிரைவர் கத்துவார் என்று எதிர்பார்த்தான். அவர் இரண்டு துண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தார்.

"விடு மாப்ள. நான் புதுசா ஒண்ணு பண்ணிக்கறேன்."

"கலருக்கு என்ன செய்வீங்க மச்சான்? டப்பாவுல மிச்சம் காஞ்சு கெடக்கு. கடையில அந்த வெள்ளையே இப்ப வர்றதில்ல."

"நானே கலக்கிக்கறேன். இத்தனை வருஷமா என்னத்தக் கலக்கிட்டு இருக்கேன், சாம்பாரா?"

சில நாள் கழித்துக் காரையும் புதுப் பானெட்டையும் பஞ்சில் பொதிந்து ஒரு டப்பாவில் வைத்துக் கொடுத்தார். "கீல் வெச்சு மாட்டு, போதும். கலர்ல கை வெக்காதே. புரிஞ்சுதா?"

எல்லைத் தகராறு இவர்களுக்குப் புதிதல்ல. மைத்துனன் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டான்.

பட்டறையில் அவன் மேசைக்கு மேல் பகல் வெளிச்சத்தைப் போலவே எரியும் விளக்கு ஒன்று உண்டு. வெள்ளையில் எத்தனை வெள்ளை என்பதுதான் அவன் தொழிலே. பக்கத்துப் பல்லோடு புதுப் பல் ஒத்துப்போகவில்லை என்றால், சிரிக்கும்போதெல்லாம் அந்த மனிதர் அவனைத் திட்டுவார். அந்த விளக்கடியில் டப்பாவைத் திறந்து, பானெட்டைக் காரின் மேல் வைத்தான்.

கார் வெள்ளை. பானெட் மஞ்சள். பளிச்சென்ற மஞ்சள் இல்லை. நாள் முழுக்க டீ குடிக்கிறவரின் பல் மஞ்சள்.

முதலில் மச்சான் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தான். பானெட்டை உடைத்ததற்குப் பழி வாங்குகிறாரோ? ஆனால் பூச்சில் கிண்டல் இல்லை. ஒரு தூசு இல்லாமல், ஒரு வழிசல் இல்லாமல், கண்ணாடி மாதிரி இருந்தது. மனிதர் மனசாரச் செய்த வேலை அது.

பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கொஞ்ச காலமாக அவர் மேசையை விட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்து தேய்க்கிறார். இப்போது வரும் பல்புகளில் வெளிச்சமே இல்லை என்று கம்பெனிக்காரர்களைத் திட்டுகிறார். எதிரே வரும் லாரியின் விளக்கு பூப்போல விரிகிறது என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். ராத்திரி வண்டி போடுகிறார்கள் என்றால் முதுகுவலி, வயிற்றுவலி என்று ஏதாவது ஒரு சாக்கு சொல்லித் தட்டிக் கழிக்கிறார்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருந்தது. அப்புறம் என்ன செய்தான் தெரியுமா? இவ்வளவையும் மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு, 'பானெட்டை உடைத்தவன் நான்தானே' என்று மட்டும் எடுத்துக்கொண்டான். நல்ல மனசுக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. பெரிய விஷயம் ஒன்று எதிரே நிற்கும்போது, கைக்கு அடக்கமான சின்ன உதவி ஒன்றைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

பல் நிறங்களை வரிசையாகக் கோத்த பட்டையை எடுத்துக் காரின் மேல் வைத்துப் பார்த்தான். எஞ்சினுக்கு வைத்திருந்த அக்ரிலிக் வர்ணத்தில் வெள்ளையும் ஒரு துளி சாம்பலும் அதைவிடச் சின்னத் துளி காவியும் கலந்தான். மச்சானின் எனாமல் பூச்சுக்கு மேல், மூச்சுப் போலத் தெளித்தான். காய்ந்ததும் விளக்கடியில் வைத்துப் பார்த்தான். எது உடம்பு எது பானெட் என்று பிரம்மா வந்தாலும் சொல்ல முடியாது. கீலை மாட்டினான். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். நீள மேசைகள், மேலே கறுப்புத் துணி, வரிசையாகக் குட்டிக் குட்டிக் கார்கள். மதிப்பெண் போடுகிறவர் கையில் டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாக வருவார். காரைத் தொடமாட்டார். கண்ணாடியைக் கீழே நீட்டி வயிற்றைப் பார்ப்பார். அவர் கோடி மேசையில் இருந்தபோது, வாசலில் அக்கா வந்து நின்றாள்.

மைத்துனனுக்கு ஆச்சரியம். இத்தனை வருடத்தில் அக்கா இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "விளையாட்டுச் சாமான் பாக்க நான் எதுக்கு?" என்பவள், வெளியே கிளம்பும் புடவையில் வந்திருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. டிரைவர் முகத்திலும் இல்லை. அவர் காரைப் பலகையோடு தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய ஜன்னலுக்குக் கீழே வைத்தார்.

"பாரு. நல்ல வெளிச்சம். நிதானமா பாரு."

அக்கா தையல்காரி. துணியை ஜன்னலோரம் கொண்டுபோய், நூல்கண்டை அதன்மேல் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். அப்படியே குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் தோள் இறங்கியிருந்தது.

"ஒண்ணாத்தாங்க இருக்கு. ஒரு நூல் வித்தியாசம் இல்ல."

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த கையோடு போனை எடுத்து டிப்போ மேனேஜரைக் கூப்பிட்டார். "சார், அந்த ராத்திரி வண்டி... ஆமா சார், மலைப்பாதை வண்டிதான். நான் எடுத்துக்கறேன். நாளையிலேருந்தே போடுங்க." பேசிக்கொண்டே காற்று வாங்க வாசல் பக்கம் நடந்தார்.

"என்னக்கா இது? என்ன நடக்குது?"

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார்டா." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கண்ணு மங்குதுன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். டாக்டர்கிட்ட வாங்கன்னா வரமாட்டேங்கறார். கூட வேலை பாத்த ஒருத்தருக்குக் கண்புரை எடுத்தாங்களாம். அப்புறம் ஸ்டியரிங்கயே குடுக்கலையாம், டயர் குடோன்ல உக்கார வெச்சுட்டாங்களாம். டிப்போவுல கண்ணு பாக்குற அட்டைய இவரு மனப்பாடமா ஒப்பிச்சுட்டு வர்றார். கடைசியில அவரே ஒரு பந்தயம் போட்டார். பானெட்டுக் கலரை நான் கலக்கறேன், நீ பகல் வெளிச்சத்துல பாரு. ஒத்துப்போகலன்னா மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வரேன். ஒத்துப்போச்சுன்னா இந்தப் பேச்சை விட்டுடு. அப்படின்னார். என் வயித்துல பால வாத்துட்டார் மகராசன்."

மைத்துனன் காரைப் பார்த்தான். தான் பூசியது வர்ணம் இல்லை, ஒரு பஸ் நிறைய ஜனங்களின் தலையெழுத்து என்று தோன்றியது. நாளை ராத்திரி, மலைப்பாதை, எதிரே லாரி விளக்கு பூப்போல விரியும். அதற்கு முத்திரை குத்திக் கொடுத்தது இவன் கை.

வாயால் சொன்னால் டிரைவர் நம்பமாட்டார். மேல்மாடி வேலை நன்றாக அமைந்துவிட்டதே என்று கீழ்மாடிக்கு வயிற்றெரிச்சல் என்பார். அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. விரல் ரேகையைத் துடைக்கப் பெட்டியில் ஸ்பிரிட்டும் பஞ்சுக் குச்சியும் இருந்தன. ஸ்பிரிட் பட்டால் அக்ரிலிக் கரையும். நன்றாகக் காய்ந்த எனாமலை அது ஒன்றும் செய்யாது.

"டேய், என்னடா பண்றே?" அக்கா பதறினாள்.

அவன் பதில் சொல்லாமல் துடைத்தான். ஒரு குச்சி, இன்னொரு குச்சி. வெள்ளை பாலாகக் கரைந்து வந்தது. அடியிலிருந்து மஞ்சள் எழுந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு 'ச்சே' என்றார்.

டிரைவர் திரும்பி வந்தபோது பானெட் முழுக்க மஞ்சளாகிவிட்டிருந்தது. அவர் பார்வை பஞ்சுக் குச்சியில் விழுந்தது, ஸ்பிரிட் பாட்டிலில் விழுந்தது. முகம் சிவந்தது.

"கலர்ல கை வெக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"வெச்சுட்டேன் மச்சான். போன வாரமே வெச்சுட்டேன். நீங்க அடிச்ச கலர் ஒத்துப்போகல. நான்தான் மேல வெள்ளை அடிச்சு மறைச்சேன். அக்கா பாத்தது என் கலர். இப்பத் தொடச்சிருக்கேன் பாருங்க, இதுதான் உங்க கலர்."

டிரைவர் குனிந்தார். பலகையை ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். ஒரு விரலைக் கதவின் மேல் வைத்தார், இன்னொரு விரலைப் பானெட்டின் மேல் வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் போய் ஏளனம் வந்திருந்தது.

"என்னத்தத் தொடச்சே? எல்லாம் அப்படியேதானே இருக்கு. ரெண்டும் ஒரே வெள்ளை. என்கிட்டயேவா விளையாடறே?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். மைத்துனன் பஞ்சுக் குச்சியைக் கீழே வைத்தான்.

அப்போதுதான் மதிப்பெண் போடுகிறவர் அந்த மேசைக்கு வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. டார்ச்சை அடித்து, கூரை ஒட்டிய இடத்தைத் தேடிக் கிடைக்காமல் மகிழ்ந்து, நல்ல மனிதர், கேட்டார்:

"கூரை வேலை பிரமாதம் சார். ஆனா பானெட்டு மட்டும் ஏன் மஞ்சளா விட்டுட்டீங்க? டிசைனா?"

டிரைவர் அவரைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நீ சொல்லு."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணில் நீர் வழிந்தது.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனன் "மச்சான், மன்னிச்சிடுங்க" என்றான். அவர் கையசைத்து அவனைச் சும்மா இருக்கச் சொன்னார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். நம்பரைத் தேட அதை முகத்துக்கு மிக அருகே கொண்டுபோனார். இந்த முறை அதை யாரிடமும் மறைக்கவில்லை.

"சார், நான்தான். ராத்திரி வண்டிய வேற யாருக்காவது போட்டுடுங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல சார், பகல் வண்டியும் வேண்டாம்."