மாடிக்கு யார் தூக்குவது

எம்லின் சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, வேக்குவம் கிளீனரைக் குப்புறப் போட்டு, அதன் அடியிலிருந்த உருளையில் சுற்றியிருந்த முடியைக் கத்தரிக்கோலால் அறுத்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்துக்கு முன் படிக்கட்டின் மூன்றாவது படியில் ரப்பர் கருகும் நாற்றத்தோடு அது நின்றுபோயிருந்தது. மேலாக இருந்ததெல்லாம் மஞ்சள் முடி. அது பார்ஸ்லியுடையது. வீட்டுக்குள் யார் எந்த அறைக்குப் போனாலும் அவர்கள் காலடியில் போய்ப் படுத்துக்கொள்கிற கிழட்டு லாப்ரடார். அதற்கடியில் பஞ்சுபோலச் சாம்பல் நிறம். அது பூனையுடையது. அந்தப் பூனைக்கு மிஸஸ் பிரைஸ் என்று பெயர். எம்லினோடு வாழும் கிளெனிஸ், தான் சமையல் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் முன்பு இருந்த தலைமையாசிரியை மாதிரியே யாரையும் ஏற இறங்கப் பார்க்கும் என்பதால் அப்படி வைத்திருந்தாள். இந்த இரண்டு அடுக்கையும் வெட்டி எடுத்த பிறகு, அச்சை ஒட்டி, கயிறாக முறுக்கிக்கொண்டு கறுப்பு முடி வந்தது. நீளமாக, முரடாக. இந்த வீட்டில் கறுப்பாக எந்தப் பிராணியும் கிடையாது.

அதைத் தூக்கிப் பிடித்து யாருடையது என்று கேட்டார். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கிளெனிஸ் திரும்பிப் பார்த்துவிட்டு, நெல்லுடையது என்றாள். நெல் என்பது அவளுடைய முன்னாள் கணவன் இட்வால் வளர்த்த, ஆடு மேய்க்கும் நாய். ஆறு வருடத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போனபோது அவன் அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

"நாயை மட்டும் கேட்டு எடுத்துட்டுப் போனான். மத்ததெல்லாம் கேக்காமயே போச்சு," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கிழங்கைச் சீவுகிற கை நிற்கவில்லை.

எம்லின் அந்தக் கறுப்பு முடியையும் செய்தித்தாளில் வைத்து மடித்தார். குனிந்து நிமிர்ந்ததில் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் கேட்டது. அது கிளெனிஸுக்குக் கேட்டிருக்குமோ என்று பார்த்தார். கேட்டிருந்தது.

அக்டோபரில் அவர் ரூத்தின் என்ற ஊரில் இருக்கும் கிளெனிஸின் இந்த வீட்டுக்கு வந்தார். இப்போது பிப்ரவரி. அறுபத்துமூன்று வயதில் ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்தப்போகிறோம் என்று அவரும் நினைத்ததில்லை, அவரைத் தெரிந்தவர்களும் நினைத்ததில்லை. இருபத்தொன்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். மூச்சுக்குத் தவிக்கிறவர்களை நாற்காலியில் வைத்து எத்தனையோ குறுகிய படிக்கட்டுகளில் இறக்கியிருக்கிறார். அவர்கள் முகத்தில் முகமூடியை மாட்டி, ஒண்ணுமில்லை, மெதுவா இழுங்க என்று சொன்னவருக்கு, தன் நெஞ்சே சத்தம் போடத் தொடங்கியதும் வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் மறைத்துப் பார்த்தார். பிறகு கிளெனிஸே நேரம் குறித்து வாங்கி மருத்துவமனைக்கு அனுப்பினாள்.

அங்கே, நாய் பூனை முடிதான் காரணம் என்ற நர்ஸ் மேலும் இரண்டு விஷயம் சொன்னாள். நல்ல வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனர் வாங்கி வாரத்துக்கு மூன்று முறை வீடு முழுக்க இழுங்கள், பிராணிகளைப் படுக்கையறைக்குள் விடாதீர்கள் என்பது ஒன்று. கொஞ்ச நாள் போய்த் தங்க உங்களுக்கு வேறு இடம் இருக்கிறதா என்று கேட்டது இரண்டாவது. முதலாவதை எம்லின் கிளெனிஸிடம் சொன்னார். இரண்டாவதைச் சொல்லவில்லை. ஏனென்றால் இடம் இருந்தது. பக்கத்து ஊரான மோல்டில் அவருடைய பழைய வாடகை வீடு, இரண்டு அறை, மரத்தரை. கிறிஸ்துமஸுக்குள் காலி செய்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தார். செய்யவில்லை. புத்தாண்டுக்குப் பிறகு ஒருநாள் அவள் கேட்டாள், செய்யணும் என்றார். அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

செய்யாமல் விட்டதற்கு ஈடாகவோ என்னவோ, வேக்குவம் கிளீனர் வாங்கும் வேலையில் எம்லின் முழு மூச்சாக இறங்கினார். மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். குறிப்புப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதினார். நின்றபடி தள்ளுகிற வகைதான் வேண்டும். வீடு முழுக்கக் கம்பளம் பதித்திருப்பதால், அடிவரை புதைந்து கிடக்கிற முடியை அடித்துக் கிளப்ப அடியில் உருளை தேவை. உருளையில் முடி சுற்றிக்கொள்ளக் கூடாது. தூசி சேர்வது டப்பாவில் இருந்தால் கொட்டும்போதெல்லாம் முகத்தில் பறக்கும், ஆகவே பை வைத்ததாக இருக்க வேண்டும். உள்ளே போன காற்று இண்டு இடுக்கு வழியாகத் திரும்ப வெளியே வராதபடி எல்லாப் பக்கமும் அடைத்திருக்க வேண்டும். அந்தக் கட்டங்களை அவர் காட்டியபோது கிளெனிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். எடை என்று எங்கேயும் எழுதவில்லையே என்று கேட்டாள். எழுதிக்கொள்கிறேன் என்றார்.

சனிக்கிழமை காலை, வேக்குவம் கிளீனர் விற்கும் நெஸ்டாவின் கடைக்குப் போனார்கள். அந்த அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். கடையின் பின்பக்கம் தடித்த கம்பளத் துண்டு ஒன்றை விரித்து, அதன் கோடியில் கம்பளம் ஒட்டிய இரண்டு மரப்படிகளையும் வைத்திருந்தார். வாங்க வருகிறவர்கள் இழுத்துப் பார்க்கத்தான். வீட்டில் என்னென்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஒரு லாப்ரடார், ஒரு நீளமுடிப் பூனை, அப்புறம் எம்லின்," என்றாள் கிளெனிஸ். "எம்லினால தொந்தரவில்ல. கொட்டறதுக்கு அவருகிட்ட ஒண்ணும் மிச்சமில்ல."

எம்லின் வழுக்கையைத் தடவிக்கொண்டார். நெஸ்டா சிரிக்காமல் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, தன் சொந்த நாயின் செந்நிற முடியை இரண்டு கைப்பிடி அள்ளிக் கம்பளத்தில் தூவினார். பிறகு ஷூ காலால் அதை நன்றாக மிதித்துத் தேய்த்துவிட்டு, ஒவ்வொரு இயந்திரமாக இழுத்துக் காட்டினார். முதலாவது முடியை முன்னால் தள்ளிக்கொண்டே போனது. இரண்டாவது இழுத்தது, ஆனால் பாதியை உருளையில் சுற்றிக்கொண்டது. மூன்றாவது கரும்பச்சை நிறத்தில் பெரியதாக இருந்தது. போகும்போது ஒரு இழுப்பு, வரும்போது ஒரு இழுப்பு, கம்பளத்தில் ஒரு இழைகூட மிச்சமில்லை.

"முடியை இழுக்கறது பெரிய காரியமில்ல, கண்ணு. இழுத்ததை உள்ளயே வெச்சுக்குதான்னு பாக்கணும். இது வெச்சுக்கும்," என்றார்.

எம்லின் கட்டங்களில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வந்தார். எல்லாம் பொருந்தியது. தலையை உயர்த்திப் பார்த்தபோது கிளெனிஸ் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. அந்தப் பச்சை இயந்திரத்தை இடது கையால் பற்றித் தூக்கிக்கொண்டிருந்தாள். போன வருடம் அறுவை செய்த வலது தோளுக்கு எடை ஆகாது. மரப்படியில் முதல் படிக்கு ஏற்றினாள். இரண்டாவது படிக்குத் தூக்கும்போது மணிக்கட்டு மடங்கியது. கீழே இறக்கிவிட்டு, சுவரோரம் சின்னதாகச் சிவப்பாக இருந்த ஒன்றை எடுத்தாள். ஏற்றினாள், இறக்கினாள், கையை மாற்றாமல் திரும்பி இன்னொரு தடவை ஏற்றினாள்.

எம்லினுக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவருடைய தொழிலில் எடை பார்ப்பதென்பது தினசரி வேலை. பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறான் என்று நம்புகிறவர்கள் தூக்கிப் பார்ப்பது ஒரு மாதிரி, தனியாகக் கொண்டுபோக முடியுமா என்று பார்ப்பது வேறு மாதிரி. அவள் பார்த்தது இரண்டாவது மாதிரி. அவருக்கு முதலில் சுருக்கென்றிருந்தது. நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று கேட்கத் தோன்றியது. கேட்பதற்குள் மோல்டு வீட்டின் சாவி கோட்டுப் பையில் கிடப்பது நினைவு வந்தது.

நெஸ்டா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாடிக்கு யாரு தூக்கிட்டுப் போவீங்க?"

"நான்தான்," என்றார் எம்லின்.

கிளெனிஸ் சிவப்பு இயந்திரத்தைக் கீழே வைத்தாள். "நான் எதையும் ஒருத்தியாத் தூக்கற மாதிரிதான் வாங்கறது, நெஸ்டா. யார் மேலயும் கோபமில்ல. பழக்கமாயிடுச்சு."

சிவப்பு சரியாக அடைத்திருக்காது, பின்பக்கம் தூசிக் காற்று வரும், நெஞ்சு சரியில்லாதவர்களுக்குத் தான் அதைக் காட்டுவதே இல்லை என்று நெஸ்டா ஒளிக்காமல் சொன்னார். கிளெனிஸ் எம்லினைப் பார்த்தாள். அவர் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. வீட்டைக் காலி செய்துவிட்டேன் என்ற அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. இன்றைக்குச் சொல்லிவிட்டு நாளைக்குச் செய்துவிட்டால் அது பொய்யாகாது என்றுகூட நினைத்தார். ஆனால் அவள் பார்த்த பார்வையில் எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. பொய் சொன்னாலும் நம்புவதுபோல் தலையாட்டியிருப்பாள். அதுதான் அவரைத் தடுத்தது. குறிப்புப் புத்தகத்தை மூடினார்.

"சிவப்பையே எடுத்துக்கலாம்," என்றார்.

காரில் வரும்போது பாதி வழியில், பெருசுதான் வேணும்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே என்றாள். தெரியும் என்றார் அவர்.

அந்த வாரம் கிளெனிஸ் மூன்று தடவை வீடு முழுக்க இழுத்தாள். எம்லின் கேட்டும் கொடுக்கவில்லை, நீ தோட்டத்தில் போய் நில் என்று கதவைச் சாத்தினாள். கண்ணாடி வழியாக அவர் பார்த்தார். இடது கையில் இயந்திரம், வலது கை கைப்பிடிக் கம்பியில் சும்மா ஒட்டியபடி, ஒரு படி ஏறி, நின்று, அடுத்த படி. முடியெல்லாம் போய்விட்டது. வீடு பளிச்சென்று இருந்தது. விசில் மட்டும் குறையவில்லை, கூடியது. புதன்கிழமை சாப்பாட்டு மேஜையில் பேச்சை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் பேச்சைத் தொடரும்வரை காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை, குளிரில் தண்ணீர் உறைந்து மோல்டு வீட்டில் குழாய் வெடித்துவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். போய்ப் பார், அவசரமில்லை என்றாள் அவள்.

குழாய்கள் நன்றாகத்தான் இருந்தன. வெற்றுத் தரை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மூடிக் கிடந்த வீட்டின் குளிர்ச்சி. கோட்டைக்கூடக் கழற்றாமல் ஐந்து நிமிடம் படுத்துக்கொள்ளலாம் என்று சாய்ந்தார். கண் விழித்தபோது இரண்டரை மணி நேரம் போயிருந்தது. எதுவோ குறைகிறது என்று அசையாமல் கிடந்து யோசித்தார். நெஞ்சுச் சத்தம் நின்றிருந்தது. இழுத்தால் காற்று அடிவயிறுவரை போயிற்று, விட்டால் முழுதாக வெளியே வந்தது. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். இவ்வளவு நாளாக இதைத்தான் தொலைத்துவிட்டுத் திரிந்தோமா என்று கண்ணில் நீர் வந்துவிட்டது.

இங்கேயே இருந்துவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நர்ஸ் சொல்ல மாட்டாள். கிளெனிஸும் சொல்ல மாட்டாள். அவளிடம் இரண்டு வாரத்துக்கு ஒருதரம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். அவளுக்குக் கையில் தூக்குகிற அளவுக்கு ஒரு இயந்திரம் இருக்கிறது. எல்லாம் ஏற்கெனவே சரி செய்து வைத்தாற்போல் இருந்தது. அப்படிச் சரியாக இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவள் இந்நேரம் பெரிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

ரூத்தின் வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் பார்ஸ்லி அழுதுகொண்டிருந்தது. மாடியிலிருந்து கிரீச் கிரீச்சென்று ஆணி பிடுங்கும் சத்தம். படிக்கட்டின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தார். மேலே நடைவழியில் அவர்களுடைய மெத்தை சுவரில் சாய்ந்து நின்றது. அதன் பக்கத்தில் கட்டிலின் கால்கள்.

"மேல வராத," என்று கிளெனிஸின் குரல் வந்தது. "தூசி கிளம்பியிருக்கு."

"என்ன பண்ற?"

"கார்ப்பெட்டைப் பிரிக்கறேன். நம்ம ரூமுது மட்டும். அடியில பலகை நல்லாத்தான் இருக்கு."

"அந்தத் தோளோடயா?"

"குறட்டால இழுக்கத் தோள் எதுக்கு? மணிக்கட்டு போதும்."

எம்லின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சொல்லாமல் விட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டோம் என்று தோன்றியது. "மோல்டுல எனக்கு நல்லா மூச்சு வந்துது, கிளெனிஸ்," என்று மேலே பார்த்துச் சொன்னார்.

ஆணி பிடுங்கும் சத்தம் நின்றது.

"தெரியுது. குரலே வேற மாதிரி இருக்கு," என்றாள். "அப்புறம் ஏன் வந்த?"

அவர் காரில் வரும்போது யோசித்து வைத்திருந்தவை எல்லாம் அந்த நேரத்தில் பேச்சுக்கு உதவவில்லை. "நாலு மணியாச்சு. கிளம்பி வந்துட்டேன்," என்றார்.

மேலே எதையோ உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கனமான, இழுத்து இழுத்து வருகிற சத்தம். பிறகு படிக்கட்டின் உச்சியில் கம்பளச் சுருளின் முனை தெரிந்தது. வாயில் மஃப்ளரைக் கட்டிக்கோ என்றாள். கட்டிக்கொண்டார். சுருள் ஒவ்வொரு படியாக முட்டி இறங்கி, நடுத்திருப்பத்தில் வந்து சுவருக்கும் கம்பிக்கும் இடையே மாட்டிக்கொண்டது. முழங்கை மடங்கியதுபோல மடங்கி, படிக்கட்டை அடைத்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் அவர். ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை.

"இழுக்கட்டுமா?" என்றார்.

"இரு. நான் தள்ளிப் பாக்கறேன். நீ பிடிச்சுக்கிட்டு மட்டும் நில்லு."

கம்பளத்தின் அடிப்பக்கம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. இத்தனை வருடம் தரையோடு அழுந்திக் கிடந்ததில் பலகைகளின் கோடுகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்திருந்தன. எம்லின் இரண்டு படி ஏறி, முனையைத் தோளில் வாங்கி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். மறுமுனையிலிருந்து அவளுடைய பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்துகொண்டிருந்தது.