நேர்ந்துவிட்ட முடி

சென்ற ஆண்டு எடுத்த புகைப்படத்தையும் அன்று காலையில் எடுத்ததையும் கணினித் திரையில் அருகருகே வைத்து, திருப்பதித் தோல் மருத்துவர் அத்திரையை ஸ்வர்ணலதாவின் பக்கமாகத் திருப்பினார். இரண்டும் அவளுடைய உச்சந்தலையே. இரண்டிலும் வகிடு என்று ஒரு கோடு இல்லை. முன்னும் பின்னும் ஒரே சீராக, முடிக்கு இடையில் தோல் வெளுத்துத் தெரிந்தது.

"பாருங்கம்மா, அப்படியேதான் இருக்கு," என்று அவர் தெலுங்கில் மகிழ்ச்சியோடு கூறினார். "குறையல இல்ல? அதுவே நல்ல ரிசல்ட்."

"வளரலையே சார்."

"இரும்புச்சத்து சரியா இருக்கு, தைராய்டு சரியா இருக்கு. எல்லாம் நார்மல்."

"எல்லாம் நார்மல்னா ஏன் சார் கொட்டுது?"

"சிலருக்கு அப்படித்தான். தலைக்குப் பூசற மருந்தை மட்டும் விட்டுடாதீங்க. விட்டா இருக்கறதும் போயிடும்," என்று கூறியபடியே, அடுத்தவரை அழைக்கும் மணியை அவர் அழுத்திவிட்டார்.

சொட்டை விழுந்திருந்தால்கூட ஸ்வர்ணலதா இவ்வளவு நொந்திருக்க மாட்டாள். ஓரிடத்தில் விழுந்த சொட்டையை மற்றோரிடத்து முடியை இழுத்துப் போர்த்தி மறைக்கலாம். தலை முழுவதும் மெலிந்து போனால் எதைக்கொண்டு எதை மறைப்பது? முதலில் சித்தூரில் ஒரு மருத்துவர். பிறகு சத்து மாத்திரை, வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணித் தைலம். கடைசியில் இந்தத் திருப்பதி மருத்துவர் என்று, அவள் ஏறி இறங்காத படி இல்லை.

நகரிக்கு அருகிலிருந்த தன் ஊரின் சச்சிவாலயத்தில், அதாவது கிராம அரசு அலுவலகத்தில், அவள் வேலை பார்த்தாள். கிராமத்தார் கேட்கும் சான்றிதழ்களுக்கு உரிய விவரங்களைக் கணினியில் பதிவது அவள் பணி. அவள் உட்கார்ந்திருப்பாள், வருவோர் அவள் முன் நின்றிருப்பார்கள். நிற்பவர்களின் பார்வை முதலில் எங்கே விழும் என்பதை அவள் நன்கு அறிவாள். "இன்னாம்மே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டவர்களுள் ஒருவரேனும் அவளுடைய முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை.

அன்று அவள் ஊர் திரும்பிய பேருந்தில், மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் ஏறிற்று. கணவன், மனைவி, பிள்ளைகள் அனைவரும் மொட்டை. பூசிய சந்தனம் தலையில் காய்ந்து வெடித்திருந்தது. அந்த மனைவிக்கு ஸ்வர்ணலதாவின் வயதே இருக்கும். அவள் தன் மொட்டைத் தலையைச் சன்னலில் சாய்த்து, பொட்டலத்துப் புளிச்சோற்றை அள்ளித் தின்றுகொண்டு, கணவனை ஏதோ கேலி செய்து வாய்விட்டுச் சிரித்தாள். பேருந்திலிருந்த ஒருவரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்த வழித்தடத்தில் மொட்டைத் தலை, நெற்றியில் இட்ட பொட்டைப்போல இயல்பானது. நடத்துநர்கூட, "கோவிந்தா, டிக்கெட்டு, டிக்கெட்டு," என்று அவளிடம் வேடிக்கையாகக் கேட்டுவிட்டு நகர்ந்தார்.

பேருந்து புத்தூரைத் தாண்டுவதற்குள் ஸ்வர்ணலதா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். மொட்டை அடித்துக்கொண்டால் உதிர்வதற்கு ஒன்றும் இராது. பிறர் உற்றுப் பார்ப்பதற்கும் ஒன்றும் இராது. ஆண்டுதோறும் மலைக்குப் போய் வந்தால், பக்தி மிகுந்தவள் என்ற பெயரோடு காலத்தைத் தள்ளிவிடலாம்.

ஒரு தடை இருந்தது. அவள் வாழ்க்கைப்பட்ட குடும்பத்தில் சுமங்கலிகள் முழு மொட்டை அடித்துக்கொள்வதில்லை. நுனி முடியில் மூன்று முறை கத்தரித்துக் கொடுத்துவிட்டு வருவார்கள். 'மூணு கத்தரி' என்று அதற்குப் பெயர். முடி முழுவதையும் கொடுப்பதாயின் அதற்கு ஒரு மொக்கு, அதாவது வேண்டுதல், இருந்தாக வேண்டும்.

கணவன் ஹேமநாத், தோட்டத்து மாங்காயை ஏற்றிக்கொண்டு சித்தூர்ப் பழக்கூழ்த் தொழிற்சாலைக்குப் போயிருந்தான். மாமியார் வெங்கடம்மா கூடத்தில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, வர்ற சனிக்கிழமை மலைக்குப் போயி முடி குடுத்துட்டு வரலாம்னு கீறேன்."

"மூணு கத்தரியா?"

"இல்ல அத்தை. முழுசா."

வெங்கடம்மாவின் கை நின்றது. "நம்ம வூட்ல யாரும்மே முழுசா குடுத்தாங்க? இன்னா மொக்கு?"

இக்கேள்விக்கு ஸ்வர்ணலதா விடை ஒன்றும் ஆயத்தம் செய்திருக்கவில்லை. அன்று விடியற்காலையில் நாத்தனார் தரணி தொலைபேசியில் அழுத குரல் இன்னும் அவள் காதில் இருந்தது. வரதய்யபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட தரணிக்கு, மணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை.

"தரணிக்காக," என்றாள் ஸ்வர்ணலதா. "அவளுக்கு ஒரு கொழந்த பொறக்கணும்னு நேர்ந்துகினேன்."

வெங்கடம்மா கடலை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மருமகளின் இரு கைகளையும் பற்றிக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கிவிட்டன. "என் பொண்ணுக்காகவா? பெத்தவ எனக்கே தோணலையேம்மே! நீ நல்லா இருக்கணும்." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா சனிக்கிழமை எப்பிடிப் போவே? இன்னும் பலிக்கலையே. கொழந்த பொறந்து, அதயும் தூக்கிகினு போயித்தான் முடி எறக்கணும். முன்னாடியே குடுத்துட்டா மொக்கு கெட்டுப் பூடும். அதுவரைக்கும் இது சாமி முடி. கத்தரி படக்கூடாது. பாட்டில்ல ஏதோ தடவிகினு கீறியே, அதுவும் படக்கூடாது," என்றாள்.

அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவள் செய்திருக்கக் கூடாத தவறு அது. நடந்து முடிந்த ஒரு நன்மையைக் காரணமாகக் கூறியிருக்க வேண்டும். சென்ற ஆண்டு ஹேமநாத் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து, பிறகு குணமாகி நடந்தானே. அதைச் சொல்லியிருந்தால் அந்தச் சனிக்கிழமையே காரியம் முடிந்திருக்கும். அவளோ, இனிமேல் நடக்க வேண்டிய ஒன்றில் போய்த் தன் தலையைக் கட்டிவிட்டாள்.

செய்தி இரண்டு நாளில் ஊர் முழுவதும் பரவிற்று. சித்தூரிலிருந்து திரும்பிய ஹேமநாத், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்று பொய்க் கோபம் காட்டிவிட்டு, அந்தப் பெருமையைத் தானே நாலு பேரிடம் கூறிக்கொண்டு திரிந்தான். மருந்துப் புட்டியை வெங்கடம்மா எடுத்து எங்கோ வைத்துவிட்டாள். மருந்தை நிறுத்திய பிறகு, மருத்துவர் எச்சரித்தது ஒன்று மட்டும் தவறாமல் பலித்தது. தலைவாரினால் கொத்துக் கொத்தாக வந்தது, தலையணையில் கிடந்தது, குளியலறை வடிகாலை அடைத்தது. "சாமி முடியைச் சாக்கடையில வுடுவாங்களா?" என்று கடிந்துகொண்டு, வெங்கடம்மா அதனைப் பொறுக்கிக் கழுவி, ஒரு மஞ்சள் துணியில் முடிந்து பூசையறையில் வைத்தாள். முடிச்சு நாளுக்கு நாள் பருத்தது.

முன்பு, அவளைப் பார்த்தவர்கள் உடம்பை விசாரிப்பதுபோலாவது பார்வையை மறைக்க முயன்றார்கள். இப்போது அந்தத் தயக்கமும் போயிற்று. வேண்டுதலுக்கு உரிய தலை என்பதால் அதனை உற்றுப் பார்ப்பதற்கு ஊருக்கே உரிமை வந்துவிட்டது. ஓய்வூதியத்தைப் பற்றிக் கேட்க வந்த முனியப்பன் என்னும் முதியவர், கோலை ஊன்றிக்கொண்டு அவளுடைய தலையை நெடுநேரம் ஆராய்ந்தார்.

"ஏம்மா ஸ்வர்ணா, சாமி உங்கிட்ட மொட்டையைத் தவணையில வாங்கிகினு கீறாரா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஸ்வர்ணலதாவும் உடன் சிரித்துவிட்டு, அவருடைய ஆதார் எண்ணைக் கேட்டாள்.

தை பிறந்து, மாசியும் பாதி கடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் தரணி தனியாக வந்து சேர்ந்தாள். திருப்பதியில் அவளும் குழந்தைப் பேற்றிற்காக ஒரு பெண் மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தாள். வெங்கடம்மா மகளுக்காகக் கோழி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஸ்வர்ணலதாவிடம் வந்து நின்ற தரணி, நலம்கூட விசாரிக்கவில்லை.

"தலையைக் காட்டு அண்ணி."

ஸ்வர்ணலதா தலைமேல் போட்டிருந்த முந்தானையை ஈரக் கையோடு தள்ளினாள்.

"இன்னா அண்ணி இது? பொங்கலுக்கு வந்தப்பகூட இன்னும் இருந்திச்சே. எங்க மாமியா இன்னா கேக்கறாங்க தெரியுமா? உங்க அண்ணி நேர்ந்துகின முடியே நிக்க மாட்டேங்குது, உனக்குப் புள்ள எங்க நிக்கப் போவுதுன்றாங்க."

துவைத்த துணியை ஸ்வர்ணலதா பிழியாமலே வாளியில் போட்டாள். பல மாதங்களாகச் சொல்லாமல் வைத்திருந்தது அவளையும் மீறி வெளியே வந்தது.

"தரணி, நான் நேர்ந்துக்கவே இல்ல."

"இன்னா?"

"இந்தத் தலையை வச்சிகினு என்னால ஆபீஸ்ல குந்த முடியல. மொட்டை அடிச்சிகினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். இன்னா மொக்குன்னு அத்தை கேட்டாங்க. உன் பேரு வாயில வந்திச்சு. அவ்ளோதான். இன்னிக்கு அத்தைகிட்ட எல்லாத்தயும் சொல்லிடப் போறேன். திட்டினா திட்டட்டும். நாளைக்கே மலைக்குப் போயி முடியை எறக்கிடறேன்."

தரணி தன்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று ஸ்வர்ணலதா எண்ணியிருந்தாள். தரணி அடிக்கவில்லை. துவைக்கும் கல்லின்மேல் மெல்ல உட்கார்ந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று எண்ணிக் குனிந்து பார்த்தபோது, அவள் ஓசையின்றிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தெனம் உன் தலைக்காக வெளக்கு ஏத்திகினு கீறேன் அண்ணி நானு."

"என்னை மன்னிச்சுடு தரணி."

"அத வுடு. ஆனா அம்மாகிட்ட சொல்லாதே."

"ஏன்?"

தரணி கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "திருப்பதி டாக்டரம்மா கையை விரிச்சிட்டாங்க. இனிமே வந்தும் பிரயோசனம் இல்லன்னுட்டாங்க. நான் வூட்ல சொல்லல. ஊசி போட்டுகினு கீறேன்னு சொல்லி, பஸ் ஏறிப் போயி, சும்மா ஸ்டாண்டுல குந்திகினு வரேன்."

ஸ்வர்ணலதா வாளியை நகர்த்திவிட்டு அவளருகே வந்து நின்றாள்.

"கல்யாணம் ஆனதிலேர்ந்து எல்லாரும் என் வயித்தைத்தான் பாத்தாங்க அண்ணி. மொதல்ல வயிறு, அப்பறம்தான் மொகம். நீ மொக்குன்னு சொன்னதிலேர்ந்துதான் பாக்கறதில்ல. இப்ப போன் பண்ணா, உங்க அண்ணி தலை எப்பிடி கீதுன்னுதான் கேக்கறாங்க. புள்ள நிக்கலன்னா சாமி குத்தம், இல்லன்னா உன் குத்தம். என் குத்தம்னு ஒருத்தரும் சொல்றதில்ல." அவள் ஸ்வர்ணலதாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு இன்னா அண்ணி? கொட்டறதுதானே. எப்பிடியும் கொட்டத்தானே போவுது."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மை என்பதனால்தான் சொன்னாள். ஸ்வர்ணலதாவும் அதை அறிவாள். ஆயினும் அவள் மனம் மற்றொன்றைக் கணக்குப் பார்த்துவிட்டது. குழந்தை பிறக்கப் போவதில்லை. எனவே வேண்டுதல் பலிக்கப் போவதில்லை. எனவே முடியை இறக்கவும் வழியில்லை. கடைசி முடி தானாக விழும்வரை இந்தத் தலையோடு அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அப்ப நான் எத்தினி நாளைக்குத் தரணி..." என்று அவள் தொடங்குவதற்குள், கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெங்கடம்மா வந்துவிட்டாள்.

"இன்னா, ரெண்டு பேரும் குசுகுசுன்னு?"

தரணி எழுந்து நின்றாள். அண்ணியின் முகத்தைப் பார்க்காமலே விடை கூறினாள்.

"ஒண்ணும் இல்லம்மா. அண்ணிக்கு முடி ரொம்பக் கொட்டிப் போச்சு. அதான் இந்த வாட்டியும் எனக்குப் புள்ள நிக்கல."

வெங்கடம்மாவின் பார்வை மகளின் வயிற்றின் பக்கம் போகவேயில்லை. அது நேரே மருமகளின் தலைக்குப் போயிற்று. கடலை முறத்தைத் தள்ளிவிட்டு அன்று கைகளைப் பற்றிக்கொண்டவள், இப்போது கோழிப் பையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றி நின்றாள்.

"நேர்ந்துகினப்போ மனசுல ஏதோ கோணல் வச்சிகினு கீறே. இல்லன்னா சாமி இப்பிடி உதறித் தள்ளாதும்மே. என் பொண்ணு பொழப்புல வெளையாடிட்டியா?"

ஸ்வர்ணலதா வாயைத் திறந்தாள். முதுகுப் புறத்தில் தரணியின் விரல்கள் அவளுடைய முந்தானை நுனியை இறுகப் பிடித்துச் சற்றே இழுத்தன. திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். பிறகு, "ஆமா அத்தை. என் தப்புதான்," என்றாள்.

பகல் உணவுக்குத் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். ஸ்வர்ணலதா பரிமாறினாள். தரணி முதல் சோற்றை முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறும் குழம்பும் கேட்டாள். "எத்தினி நாளுக்கு அப்பறம் இன்னிக்குத்தான் நல்லா துன்றா," என்று வெங்கடம்மா மனம் நிறைந்து கூறினாள். ஸ்வர்ணலதா குழம்புக் கிண்ணத்தோடு தரணியின் தட்டருகே குனிந்தாள்.

"சோத்துல முடி விழப் போவுது," என்றாள் வெங்கடம்மா. "கொஞ்சம் தள்ளி நின்னு போடும்மே."