கடலூரில் வேலை பார்க்கும் மகன்

பிள்ளையில்லை என்ற பேச்சு பொன்னியின் காதில் விழக்கூடாது என்பதற்காகவே திருநாவுக்கரசு ஒரு மகனைப் பெற்றெடுத்தார். பெயர் இளவரசு. காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் போகிற டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கு வேறு வேலை கிடையாது. ஊரைக் கேட்ட கையோடு பிள்ளைகள் எத்தனை என்பார்கள். மனைவியின் முகம் சுண்டிப்போவதற்குள் இவர் முந்திக்கொண்டு ஒரே பையன் என்பார். வருஷம் போகப் போகப் பையனும் வளர்ந்தான், ஐ.டி.ஐ. முடித்தான், கடலூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தும் விட்டான். பொன்னி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வாள்.

அன்று அவள் சிரிக்கிற நிலையில் இல்லை. கொஞ்ச நாளாக நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது, இடது தோள் கனத்தது. வாய்வு மாத்திரைக்கெல்லாம் கேட்கவில்லை. சிதம்பரத்தில் டாக்டர் அனுப்பிரியாவின் முன்னால் உட்கார்ந்தபோது திருநாவுக்கரசுக்கு ஒரே நினைப்புதான். இவள் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள்?

கர்ப்பமாக இருந்தபோது பிரஷர், சுகர் ஏதாவது வந்ததா என்று டாக்டர் கேட்டார். பழக்கதோஷம், மனிதர் வாய் முந்திக்கொண்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சுகப்பிரசவம். பையன் கடலூர்ல இருக்கான்."

டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். பொன்னி கணவரின் கையை மெல்லப் பிடித்தாள்.

"என் மனசு நோவக்கூடாதுன்னு சொல்றாரு டாக்டர். எங்களுக்குப் புள்ள இல்ல. வைத்தியம் பாத்தும் மூணு தடவ கலைஞ்சிபோச்சி. நாப்பது வயசுக்குள்ள தீட்டும் நின்னுபோச்சி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இப்படிக் கரு கலைந்து, தீட்டும் சீக்கிரமே நின்றுபோன பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயக்கோளாறு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்றார். எல்லோருக்கும் வராதுதான், ஆனால் இந்த மூச்சிரைப்பை வாய்வு என்று விடமுடியாது என்று சொல்லி உடனே ஈ.சி.ஜி.க்கு அனுப்பினார். பிறகு ஸ்கேனும் எடுத்தார்கள். இதயக் குழாயில் அடைப்பு, ஆனால் ஆரம்பக் கட்டத்தில்தான் இருந்தது. மருந்திலேயே சமாளிக்கலாம் என்று ஆனது.

வெளியே வந்ததும் திருநாவுக்கரசு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தன் பொய்யே அவளைக் கொன்றிருக்கும் என்றார். பொன்னி முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுகை அடங்கிய பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்ப இனிமே நம்ம இளவரசு?"

பொன்னி அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அவன் பாட்டுக்குக் கடலூர்ல நல்லா இருக்கட்டும். டாக்டருகிட்ட மட்டும் அவனக் கூட்டியாராதீங்க."