திரும்பிப் போன சீட்டுகள்

காலை ஏழே கால் மணிக்கெல்லாம் வெர்லீன் டப்ஸ் பள்ளி அலுவலகத்தின் விளக்கைப் போட்டுவிடுவாள். காப்பி இறங்குவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளையின் அப்பா ஒருவர் கத்துவார், மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு அம்மா மூக்கைச் சிந்துவாள். எட்டு மணிக்கு மேல் பெஞ்சில் வரிசையாகப் பிள்ளைகள். ஒன்றுக்கு வயிற்றுவலி, ஒன்று மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருக்கும். இன்னொன்று எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அதற்கே தெரியாது. எல்லாருக்கும் அவள் மிஸ் வெர்லீன். இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்காலிதான், அந்த ஜன்னல்தான்.

பிரையர் ஹில் நடுநிலைப் பள்ளி ரயில் பாதையை ஒட்டி இருந்தது. பாதைக்கு மேலே மேட்டில் வெள்ளைக்காரக் குடும்பங்கள். கீழே ஆற்றோரத்தில் கறுப்புக் குடும்பங்கள். வெர்லீன் கீழ்ப்பக்கத்துக்காரி. அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் கல்யாணம் கட்டினாள், புருஷனை அடக்கம் செய்ததும் அங்கேதான்.

அவளுடைய வேலைகளில் ஒன்று ரோஸ் சீட்டுகளைப் பார்ப்பது. வகுப்பில் ஒரு பிள்ளை அடங்கவில்லை என்றால் ஆசிரியர் ரோஸ் நிறச் சீட்டில் எழுதி அலுவலகத்துக்கு அனுப்புவார். வெர்லீன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். தலைமை ஆசிரியர் ட்வயர் பார்த்துத் தண்டனை போடுவார். ஒரு தடவை ஏறிவிட்டால் போச்சு, அந்தப் பிள்ளையின் பதிவேட்டில் பசை போட்டு ஒட்டின மாதிரி நிற்கும். ஏற்றுவதற்கு முன்னால் ஆசிரியரே வந்து, "வேண்டாம், விட்டுருங்க" என்று சொன்னால், சீட்டின் மூலையில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டு மேசையின் கீழ் இழுப்பறையில் போட்டுவிடுவாள். அப்படி எடுத்து வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரு குழந்தையின் பேர் எழுதின காகிதத்தைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்த்ததே இல்லை என்பாள். சொந்தத் தங்கை மகளின் பேரில் ஒரு சீட்டு வந்தபோது கூட ஓர் எழுத்து மாற்றாமல் ஏற்றினாள். தங்கை ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நம்ம பிள்ளைங்கன்னு நான் சலுகை காட்டினா, நாளைக்கு இந்த நாற்காலியில நம்மாளு ஒருத்தரையும் உக்கார விடமாட்டாங்க" என்று வெர்லீன் அதற்கு நியாயம் சொன்னாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நியாயத்துக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகள் நசுங்கிப் போனார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருடம் மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை. மிஸ் காலஹனின் அறிவியல் வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, வெந்நீர் எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்று நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் கியோனா ப்ரூயிட்டும் பெய்ஜ் ஹாலரும். கியோனா கீழ்ப்பக்கத்துப் பெண். பெய்ஜ் மேட்டுத் தெரு. பெய்ஜ் வெப்பமானியைப் பிடித்திருந்தாள், கியோனா கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். பத்து அளவு எடுக்க வேண்டும். ஒன்பதாவது எடுத்தவுடன் மணி அடித்தது. எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள் என்றாள் காலஹன். "ஒரே நிமிஷம் டீச்சர்" என்றார்கள் இரண்டு பேரும். மறுபடி சொன்னாள். "இன்னும் ஒண்ணுதான் டீச்சர், இதை விட்டா கணக்கு வராது" என்றார்கள் இரண்டு பேரும். காலஹன் காலையிலிருந்து தலைவலியோடு இருந்தவள். இரண்டு ரோஸ் சீட்டு எழுதி அனுப்பிவிட்டாள்.

பெய்ஜின் சீட்டில், 'வேலையை முடிக்கும் ஆர்வத்தில் சொன்னதைக் கேட்கவில்லை' என்று இருந்தது. கியோனாவின் சீட்டில், 'கட்டளையை மீறினாள், குரலை உயர்த்தினாள், மிரட்டும் விதமாக நின்றாள்' என்று இருந்தது. பதின்மூன்று வயசு, பென்சில் கனம்கூட இருக்காது, பூனை குறுக்கே வந்தால் ஒதுங்கிப் போகிற பெண். அவள் யாரை மிரட்டினாளோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காலஹன் அலுவலகத்துக்கு வந்தாள். பெய்ஜின் அம்மாவோடு போனில் பேசிவிட்டேன், அந்தச் சீட்டை விட்டுவிடுங்கள் என்றாள். வெர்லீன் அதை எடுத்து மூலையில் எழுதி, தேதி போட்டு, கீழ் இழுப்பறையில் போட்டாள். அடுத்தது கியோனாவின் சீட்டு. ஒரு கணம் அவள் விரல் நின்றது. இதற்கும் அம்மாவிடம் பேசினீர்களா என்று கேட்கலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கியோனாவின் அம்மா நம்பர் அதே கம்ப்யூட்டரில், அதே பக்கத்தில் இருந்தது. கேட்டால் வேண்டியவளுக்குப் பரிந்து பேசுகிறாள் என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டாள். சீட்டை ஏற்றினாள். ட்வயர் மூன்று நாள் இடைநீக்கம் போட்டார்.

இதில் என்ன பெரிய விஷயம், மூன்று நாள்தானே என்று தோன்றலாம். விஷயம் இதுதான். ஊருக்குள் அறிவியல் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று உண்டு. தொலைநோக்கி இருக்கும், பெரிய ஆய்வுக்கூடம் இருக்கும், அங்கே படித்து வருகிற பிள்ளைகளைக் கல்லூரிகள் தேடி வந்து கூப்பிடும். அந்த வருடம் ரயில் பாதைக்குக் கீழேயிருந்து அங்கே இடம் கிடைத்தது ஒரே ஒரு பிள்ளைக்கு. அது கியோனா. அந்த வருடப் பதிவில் இடைநீக்கம் இருந்தால் இடம் ரத்து என்பது விதி. ஐந்து பள்ளி நாளுக்குள் பெற்றவர்கள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கென்று ஒரு விண்ணப்பத் தாள் இருக்கிறது. அந்தத் தாள் இருப்பது வெர்லீனுக்குத் தெரியும். மேட்டுத் தெரு அம்மாக்களுக்கும் தெரியும். கீழே யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச் கூடத்தில் எல்லாரும் தட்டில் சோள ரொட்டியும் கீரையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, கியோனாவின் அம்மா லத்ரிஸ் வெர்லீனைத் தேடி வந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறவள். கண்ணுக்குக் கீழே கருவளையம். மகளை வீட்டில் நன்றாகத் திட்டியிருக்கிறாள், போனைப் பிடுங்கி வைத்திருக்கிறாள். வெளியிடத்தில் நம் பிள்ளைகள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்று அவளுடைய அம்மா அவளுக்குச் சொன்னதை அவள் தன் மகளுக்குச் சொல்லியிருக்கிறாள். கியோனா மறுபேச்சுப் பேசவில்லையாம். பத்தாவது அளவு எடுக்காமல் போனதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"சிஸ்டர் டப்ஸ், நீங்க உள்ளேயே இருக்கிறவங்க. இப்ப நான் என்ன பண்ணணும், சொல்லுங்க" என்றாள் லத்ரிஸ். சர்ச்சில் எல்லாரும் வெர்லீனை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

வெர்லீன் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது. ஆனால் மேலிடத்தோடு மோதினால் பிள்ளைக்குத்தான் கெட்ட பேர் என்பது அவளுக்கு ஊறிப்போன பாடம். "எதுக்கும்மா வம்பு? பிள்ளைய ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதச் சொல்லு. பணிவா எழுதிக் குடுத்தா அவங்க மனசு இளகும்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். லத்ரிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

திங்கட்கிழமை கடுதாசி வந்தது. லத்ரிஸ் வேலைக்குப் போகிற வழியில், சீருடையோடு வந்து ஜன்னலில் நீட்டிவிட்டுப் போனாள். கோடு போட்ட தாளில் முத்து முத்தான எழுத்து. நான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, என் குரல் உயர்ந்திருந்தால் அது என் தவறு, இனி அப்படி நடக்காது என்று எழுதி, கீழே கியோனா கையெழுத்துப் போட்டிருந்தாள். வெர்லீன் அதைப் படித்துவிட்டு, நல்ல பிள்ளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கியோனாவின் பதிவுக் கோப்பில் வைத்தாள்.

ஏப்ரல் கடைசியில் லத்ரிஸ் மறுபடியும் ஜன்னலுக்கு வந்தாள். இந்தத் தடவை அவள் கையில் ஒரு கடிதம். அறிவியல் பள்ளியில் இடம் ரத்து என்று எழுதியிருந்தது. காரணமாக இடைநீக்கத்தைச் சொல்லி, 'குற்றத்தை மாணவி தன் கைப்பட ஒப்புக்கொண்டிருக்கிறார்' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள்.

"நீங்க எழுதச் சொன்னீங்க. நான் பக்கத்துல உக்காந்து எழுத வச்சேன். அவ முதல்ல எழுத மாட்டேன்னா, சிஸ்டர் டப்ஸ். நான் தப்புப் பண்ணலம்மான்னு அழுதா. நான் அதட்டி எழுத வச்சேன்."

லத்ரிஸ் சத்தம் போட்டிருந்தால் வெர்லீனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வெர்லீன் கீழ் இழுப்பறையை இழுத்தாள். இத்தனை வருடக் காகிதத்தில் நெருங்கி, அது பாதிதான் திறந்தது. முழங்கையால் நெம்பித் திறந்து, ஒவ்வொரு சீட்டாக மேசைமேல் வைத்தாள். 'மூன்று முறை சொல்லியும் உட்காரவில்லை.' திரும்பப் பெறப்பட்டது. 'நோட்டைத் தூக்கி எறிந்தான்.' திரும்பப் பெறப்பட்டது. 'ஆசிரியரைக் கெட்ட வார்த்தை சொன்னாள்.' திரும்பப் பெறப்பட்டது. எல்லாம் அவள் கையெழுத்து. பேர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். மேட்டுத் தெரு, மறுபடி மேட்டுத் தெரு, மறுபடியும் மேட்டுத் தெரு. கீழ்ப்பக்கத்துப் பேரைத் தேடித் தேடி நாலைந்துக்கு மேல் அகப்படவில்லை. மற்றக் கீழ்ப்பக்கத்துப் பேர்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தன. அவள்தான் ஏற்றினாள், ஓர் எழுத்துத் தப்பாமல். தங்கை மகளுடையதும் அதில் ஒன்று. அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டதற்குச் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று வெர்லீன் பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவள் அந்த மேசையில் தலை வைத்து அழுதாள்.

அடுத்த வாரம் கல்வி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுகிற நேரத்தில் எழுந்து நின்றாள். மூன்று நிமிடம் கொடுப்பார்கள். எந்தப் பிள்ளையின் பேரையும் சொல்லவில்லை. சீட்டிலும் கம்ப்யூட்டர் பதிவிலும் இருந்ததை மட்டும் படித்தாள். என்ன செய்தது, மேட்டுப் பிள்ளையா கீழ்ப் பிள்ளையா, என்ன ஆச்சு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தாள். மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. ஒரே நிமிஷம் என்று சொல்லிவிட்டு மேலே படித்தாள். மறுநாள் காலஹன் அலுவலகத்துக்கு வந்து, பெய்ஜின் அம்மாவை எனக்கு முன்பே தெரியும், அதனால் போன் பண்ணினேன், கியோனாவின் அம்மாவை எனக்குத் தெரியாது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் சொன்னது நிஜம்தான். அது நிஜமாக இருப்பதுதான் கொடுமை.

பள்ளிக் காகிதத்தை வெளியே கொண்டுபோனதற்காக வெர்லீனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பாடநூல் கிடங்குக்கு மாற்றினார்கள். கியோனாவின் பதிவிலிருந்து இடைநீக்கத்தை வாரியம் நீக்குவதற்குள் ஜூன் பிறந்துவிட்டது. உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு வெர்லீன் ப்ரூயிட் வீட்டுக்குப் போனாள். சமையலறை மேசையில் கியோனா மட்டும் இருந்தாள். முன்னால் அந்த அறிவியல் நோட்டு. ஒன்பது வரியில் எண்கள் இருந்தன, பத்தாவது வரி காலியாக இருந்தது.

கியோனா உத்தரவை மெதுவாகப் படித்தாள். "அப்ப என் இடம்?" என்றாள்.

"அது மே மாசமே வேற பிள்ளைக்குப் போயிருச்சு, கண்ணு."

பெண் தலையாட்டினாள். காகிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தாள். பிறகு நிமிர்ந்து, "அன்னைக்கு பெய்ஜ் சீட்டை டீச்சர் திருப்பி வாங்கினப்ப நீங்க பாத்தீங்கல்ல, மிஸ் வெர்லீன்?" என்று கேட்டாள். கோபமில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற கேள்வி.

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

வெர்லீன் நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தாள். "எல்லாரையும் சமமா நடத்துறேன்னு நெனச்சிட்டிருந்தேன்டா. என் கைக்கு வந்த சீட்டை மட்டும்தான் சமமா நடத்தினேன். யாரோடது திரும்பிப் போகுது, யாரோடது போகலைன்னு கண்ணால பாத்துட்டே இருந்தேன், கேக்கல. அவங்களுக்கு ஒரு பிள்ளைய மன்னிக்க மனசு இருந்துச்சு, இன்னொரு பிள்ளைய மன்னிக்கத் தோணல. அது அநியாயம். அதைத் தினமும் பாத்துட்டு, பேசாம இருக்கிறதுதான் நேர்மைன்னு நெனச்சேனே, அது அதவிடப் பெரிய அநியாயம். உன் இடத்தை அவங்க மட்டும் பறிக்கல, கண்ணு. நானும்தான் பறிச்சேன்."