ராடோவனுக்கு எந்த பீர் பிடிக்கும்?

செக் நாட்டுச் சிற்றூரான எங்கள் போஸ்கோவிட்ஸேயில் லிஃப்ட்டுகள் குறைவு. அதனால் லிஃப்ட் மெக்கானிக்கான ராடோவனுக்கு பப்பில் உட்கார நேரம் தாராளமாக இருந்தது. மீசை முளைத்த நாளிலிருந்து அவன் குடித்தது ஒரே பீர்தான். அந்த பப்பின் குழாயிலிருந்து வரும் வெளிர்மஞ்சள் லாகர். மற்றதெல்லாம் அவன் கணக்கில் பீரே இல்லை. கறுப்பு பீர் பெண்கள் தலைக்குத் தேய்த்துக் குளிப்பதற்கு. கோதுமை பீர் ஜெர்மன்காரனுக்கு. பழம் போட்ட பீர் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, அவனோடு ஒரே மேசையில் உட்காருகிற நாங்கள் சேர்ந்து ஒரு பெரிய எவர்சில்வர் பானை வாங்கிக் கொடுத்தோம். வீட்டிலேயே பீர் காய்ச்சுவதற்கான பானை, அடியில் குழாய் வைத்தது. ராடோவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். மகள் பிறந்தபோதுகூட மனுஷன் இப்படி உருகவில்லை என்றாள் அவன் மனைவி லியோனா.

“சரி, என்ன பீர் காய்ச்சப் போற?” என்று அவளே கேட்டாள்.

“பீர்னா பீர்தான். வேற என்ன?”

“இவ்வளவு பெரிய பானை நெறைய காய்ச்சிட்டு, அப்புறம் புடிக்கலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா யாரு குடிக்கறது? மொதல்ல உனக்கு எது புடிக்கும்னு கண்டுபிடி.”

“எனக்கு எது புடிக்கும்னு எனக்குத் தெரியாதா?”

“வேற எதையும் வாயிலயே வச்சதில்ல. எப்படித் தெரியும்?”

இது லியோனாவின் அண்ணன் சிரில் காதில் விழுந்துவிட்டது. சிரில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். யாரையாவது உட்காரவைத்துச் சோதித்துப் பார்ப்பதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராடோவன் வீட்டுச் சமையலறையில் கூடினோம். பல ஊர்களிலிருந்து பாட்டில்களை வாங்கி வந்திருந்தான் சிரில். பப்பின் லாகரையும் ஒரு பாட்டிலில் பிடித்து வந்து நடுவில் ஒளித்து வைத்திருந்தான். லியோனா ராடோவனின் கண்களைச் சமையலறைத் துண்டால் கட்டினாள். அப்படியும் திருட்டுத்தனமாகப் பார்ப்பான் என்று பாட்டில்களுக்கெல்லாம் அவனுடைய சாக்ஸையே மாட்டியிருந்தார்கள்.

“மச்சான், துவைச்ச சாக்ஸா?”

“உன் தங்கமான பொண்டாட்டி துவைச்சது. வாயத் தொற மாப்ள.”

முதலில் கறுப்பு பீர். “ரொட்டி கருகின வாசனை. பரவால்ல,” என்றான். அடுத்தது ஹாப்ஸ் பூவை அள்ளிக் கொட்டிய கசப்பு பீர். “பைன் மரத்த நக்கின மாதிரி இருக்கு.” மூன்றாவதை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளினான்.

“இது எந்த ஊர்க் கழுவுதண்ணி? இதக் காய்ச்சினவன் ஜென்மத்துல பீரப் பாத்திருக்க மாட்டான்.”

அது எங்கள் பப்பின் லாகர். நான் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். லியோனா குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய தட்டையே திரும்பக் கழுவினாள்.

பச்சை சாக்ஸ் பாட்டில் வந்தது. ராடோவன் குடித்தான். நாக்கைச் சப்புக்கொட்டினான். “இன்னும் கொஞ்சம் ஊத்து,” என்றான். ஊற்றினான் சிரில். அதுவும் காலி.

“இதுதான்டா பீர்! ஆம்பள குடிக்கற பீர்! நம்ம பாட்டன் முப்பாட்டனெல்லாம் இதத்தான் குடிச்சிருப்பாங்க!”

கண்கட்டை அவிழ்த்தார்கள். சாக்ஸை உருவினான் சிரில். ரோஜா நிற லேபிளில் கூலிங் கிளாஸ் போட்ட வாத்து ஒன்று சிரித்தது. கீழே ‘ராஸ்பெரி புளிப்பு பீர்’ என்று எழுதியிருந்தது.

“சாக்ஸ மாத்திட்டீங்க!” என்று ராடோவன் கத்தினான். மறுபடி கண்ணைக் கட்டிக் கொடுத்தோம். மறுபடியும் “இதேதான்!” என்று மேசையைத் தட்டினான். இன்னொரு முறையும் அப்படித்தான். கடைசியில் வாத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சிரில் தன் தாய்மேல் சத்தியம் செய்தான். மறுநாள் ராடோவன் பப்புக்குள் நுழைந்ததும் மூலை மேசையிலிருந்து வாத்துக் குரலில், “குவாக்.” பிறகு எல்லா மேசைகளிலிருந்தும். சமையற்காரர்கூட உள்ளேயிருந்து தலையை நீட்டி, “குவாக்” என்றார். ராடோவன் கோட்டைக் கழற்றாமலே திரும்பி நடந்தான்.

கொஞ்ச நாள் கழித்து என்னைக் கூப்பிட்டான். “ப்ர்னோ வரைக்கும் வர்றியா? லிஃப்ட் சாமான் வாங்கணும்.”

பெரிய நகரத்துக்கு ரயிலேறிப் போனோம். சாமான் கடைப் பக்கமே போகவில்லை. சுவர் முழுக்கப் பீர்க் குழாய்களாக இருந்த ஓர் இடத்துக்கு என்னை இழுத்துப் போனான். பரிமாறும் பையன் வந்ததும் தொண்டையைச் செருமினான்.

“எனக்கு ஒண்ணும் வேணாம். என் பொண்டாட்டிக்கு ஒரு புளிப்பு பீர்.”

“எங்க சார் அவங்க?”

“பாத்ரூம் போயிருக்கா.”

பையன் கொண்டுவந்து வைத்துவிட்டு முதுகைத் திருப்பியதும் கோப்பை காலி. “அவளுக்கே இன்னொண்ணு. செர்ரி போட்டது.” அது பிடிக்கவில்லை, ஜாம் மாதிரி இனிக்கிறதாம். மாம்பழம் போட்டதும் பிடிக்கவில்லை. பிறகு பழமே போடாத வெறும் கோதுமைப் புளிப்பு பீர் ஒன்று வந்தது. மோரில் எலுமிச்சை பிழிந்த மாதிரி, மேலே வெள்ளை நுரை. ராடோவன் குடித்துவிட்டு என் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

“டேய், பழம் இல்லடா! எனக்குப் புடிச்சது பழமே இல்ல! புளிப்பு! வெறும் புளிப்பு!”

கொலைப் பழியிலிருந்து விடுதலையானவன் மாதிரி அவன் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பரிமாறும் பையன் கவலையோடு வந்தான்.

“சார், உங்க வீட்டம்மா உள்ள போய் ரொம்ப நேரமாச்சே. உடம்பு ஏதும் சரியில்லையோ? எங்க கடைப் பொண்ண உள்ள அனுப்பியிருக்கேன்.”

நாங்கள் எழுவதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். பின்னால் ஈரக் கையோடு ஓர் உயரமான அம்மாள்.

“உள்ள இவங்க மட்டுந்தான் இருந்தாங்க. ஆனா தனக்குக் கல்யாணமே ஆகலைங்கறாங்க.”

அந்த அம்மாள் ராடோவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “ஆகியிருந்தாலும் இந்தாளோட ஆகியிருக்காது,” என்றாள்.

அடுத்த ரயிலைப் பிடித்தோம்.

அதன்பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. என்ன செய்யவேண்டும் என்று சிரில் சொல்லிக் கொடுத்தான். முளைகட்டிக் காயவைத்த கோதுமையையும் பார்லியையும் வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுத்து, ஒரு கொதி விட்டு, வெதுவெதுப்பாக ஆறியதும் ஒரு கரண்டி தயிர் விட்டு உறை ஊற்ற வேண்டும். சூடு குறையாமல் வைத்திருந்தால் புளிக்கும். புளித்ததும் கொஞ்சம் ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்தால் மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

சூடு குறையாமல் என்று சொன்னதை ராடோவன் மனதில் பதித்துக்கொண்டான். லியோனா எனக்குப் போன் செய்தாள்.

“என் போர்வைய எடுத்து அந்தப் பானைக்குப் போத்திட்டான். நான் கோட்டு மாட்டிக்கிட்டுத் தூங்கறேன். காலையில எந்திரிச்சதும் பானை நெத்தியத்தான் தொட்டுப் பாக்கறான். ஒரு நாளாவது என்னத் தொட்டுப் பாத்திருப்பானா?”

“பானைக்கு எப்படி இருக்காம்?”

“உன்னையெல்லாம் பானையோட சேத்துக் கொதிக்க விடணும்,” என்று போனை வைத்துவிட்டாள்.

பீர் தயாரானதும் பால்கனியில் எங்களை உட்காரவைத்து ராடோவனே ஊற்றிக் கொடுத்தான். கலங்கலாக, வெளிறிப்போய் இருந்தது. சிரில் ஒரு முறை “குவாக்” சொல்லிவிட்டுக் குடித்தான். அவன் கண்கள் இரண்டும் தாமாக மூடிக்கொண்டன. காது அசைந்தது.

“மாப்ள, இத ஊத்தி லேப் சிங்க்க கழுவலாம்,” என்றான். எனக்குத் தாடை இழுத்துக்கொண்டது.

ராடோவன் எங்களைக் கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு வாயாக, நிதானமாகக் குடித்தான். காலை நீட்டிக்கொண்டான்.

“புடிச்சிருக்கு,” என்றான். “எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு.”

பல் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் லியோனா கோப்பையை வாங்கி ஒரு வாய் வைத்தாள். “ஐயோ, பல்லெல்லாம் கரைஞ்சிடும்! எங்க டாக்டருக்கு ஆள் புடிச்சுக் குடுக்கறியா?” என்றாள். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொஞ்சம் யோசித்து இன்னொரு வாய் குடித்தாள். பிறகு நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, “உங்க ரெண்டு பேருக்கும்தான் புடிக்கலையே, அப்புறம் ஏன் வீணாக்கறீங்க?” என்று எங்கள் கோப்பைகளையும் பிடுங்கிக்கொண்டாள்.

நானும் சிரிலும் பப்புக்குப் போனோம். வழக்கமான லாகர் வந்தது. சிரில் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான்.

“ஏன்டா, நமக்கு இது நெஜமாவே புடிக்குமா?”

“வாய மூடிட்டுக் குடி,” என்றேன்.